விழுங்காத ‘ஸ்’

கொலோன் வந்து சேர இன்னும் நாற்பது நிமிடம் என்றிருந்தபோது ரயில் ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொல்லி முடித்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள், எழுந்தார்கள், சாமான்களை இறக்கினார்கள். நானும் இறக்கினேன். எதற்கென்று தெரியாது. கூட்டத்தின் பின்னால் நடந்து போனால் வெளியே இரண்டு பேருந்துகள் நின்றன. தண்டவாள வேலையாம், மீதித் தூரத்துக்குப் பேருந்து. நம் ஊரில் என்றால் அதற்குள் நாலு பேர் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் சத்தம் போட்டிருப்பார்கள். எனக்கும் விஷயம் புரிந்திருக்கும். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

“பயணம் என்ன மாதிரி, ரீச்சர்?” என்று கதவைத் திறந்தார் யோகேஸ்வரி அக்கா.

“பாதியில இறக்கி பஸ்ல ஏத்திட்டாங்க அக்கா.”

“அது இஞ்சை வழமை. கை கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பாடு ஆறுது.”

யோகா அக்கா என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் பெரியம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்ததால் ஓர் அறை சும்மா இருக்கிறது, ஹோட்டலில் தங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். ஐரோப்பாவில் என் முதல் சாப்பாடு இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் சென்னையில் பன்னிரண்டு வருடமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவள். ஸ்பானிஷ் பேசும் எந்த நாட்டிலும் காலடி வைத்ததில்லை. படித்ததெல்லாம் நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில். பிறகு ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு. கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று கொலோன் கண்காட்சியில் கடை போட்டது. தென்னமெரிக்க வியாபாரிகளோடு பேச ஆள் வேண்டும் என்று என்னை அழைத்து வந்தார்கள். திங்கள் முதல் புதன் வரை கண்காட்சி. பிறகு இரண்டு நாள் எனக்கு.

திங்கட்கிழமை நான் கொடிகட்டிப் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் என்பது ஒரே மொழி என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நன்றி என்ற ஒரு சொல் போதும், ஆளை ஊருக்கு அனுப்பிவிடலாம். மத்ரித்காரர் நாக்கைப் பல்லுக்கிடையில் கொடுத்து ‘க்ராத்தியாஸ்’ என்பார். கடல் கடந்தால் ‘க்ராசியாஸ்’. கியூபாக்காரர் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கி, வெறும் மூச்சாக ‘க்ராசியாஹ்’ என்பார். தெருவை மற்றவர்கள் ‘காயே’ என்றால் புவனோஸ் அய்ரஸ்காரர் ‘காஷே’ என்பார். நாம் ‘ஏலே’ என்று கேட்டதும் திருநெல்வேலி என்போமே, அதுபோல.

“மேடம், கழுத்துல அட்டையத் திருப்பிப் போட்டிருக்கறவரையும் எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?” என்று எங்கள் முதலாளி ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. வருகிறவர் வாயைத் திறந்ததும் நான் சிலி என்பேன், பெரு என்பேன். முதலாளி அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். ஒன்பது பேரில் எட்டுப் பேரைச் சரியாகச் சொன்னேன். வந்தவர்களுக்கும் சந்தோஷம். ஒருவர் தன் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.

அந்த மிதப்பில்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

சமையலறையில் ஒரு பெண் அடுப்பருகே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பின்னலை உச்சியில் சுற்றிக் கட்டியிருந்தார். பின்னறையில் மரிசோல் என்று ஒருவர் வாடகைக்கு இருக்கிறார், தன்னோடு வேலை செய்கிறவர், ஸ்பானிஷ் பேசுகிறவர் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். வேலை நேரம் மாறி மாறி வந்ததால் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. தோசைக்கல்லில் தட்டையாக ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார். கோதுமை மாவு. நம் ரொட்டி மாதிரியே இருந்தது.

நான் ஸ்பானிஷில் வணக்கம் சொன்னதும் திகைத்துத் திரும்பினார். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்டார். எல்லாம் ‘நீங்கள்’ போட்டு, மெதுவாக, ஒவ்வொரு ‘ஸ்’ஸையும் கற்கண்டு கடிப்பது போல் முழுதாகச் சொன்னார். அப்படிக் கேட்டு எனக்கு நாளாகியிருந்தது. பகலில் எட்டுப் பேரைக் கண்டுபிடித்தவளாயிற்றே.

“பொகோட்டாவா?” என்றேன். “கொலம்பியாக்காரர்கள்தான் இவ்வளவு அழகாகப் பேசுவார்கள்.”

பாராட்டுத்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. கரண்டியைக் கீழே வைத்தார். என்னைக் கடந்து, சுவரை ஒட்டி நடந்து, தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. ரொட்டி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றியது.

யோகா அக்கா வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன கேட்டனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ.”

“கொலம்பியாவான்னு.”

“அந்த ஒரு சொல்லை விட்டுப்போட்டு வேற என்னத்தையும் கேட்டிருக்கலாம், ரீச்சர்.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மரிசோல் வெனிசுவேலாக்காரர். பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். ஊரில் நடந்த ஆர்ப்பாட்டம் ஒன்றுக்குப் பிறகு தம்பியைத் தேடி வந்தவர்கள் இவரையும் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். தப்பி வரும் வழியில் கைப்பை களவு போய்விட்டது. பாஸ்போர்ட் அதில் இருந்தது. கையில் இருந்ததெல்லாம் அடையாள அட்டையின் மங்கலான ஒரு நகல். இங்கே தஞ்சம் கேட்டார். விசாரணையில் அவர் பேசியதைப் பதிவு செய்து, யாரோ ஒரு நிபுணரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் அதன் முடிவு. அக்கா விரலை வரிமேல் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

“சொல்லின்ரை கடைசியில வாற ‘ஸ்’ஐ விண்ணப்பக்காரி முழுசா உச்சரிக்கிறா. வெனிசுவேலாக்காரர் அதை விழுங்கிறவையள். தனக்குக் கிட்டின ஆக்களையும் ‘நீங்கள்’ எண்டுதான் சொல்லுறா. ஆனபடியா இவ கொலம்பியா நாட்டுக்காரியா இருக்கக்கூடும். சொந்த நாட்டைப் பற்றிப் பொய் சொன்னபடியா மற்றதையும் நம்ப ஏலாது. இப்பிடி எழுதி, அன்ராக்கைத் தள்ளுபடி செய்திருக்கிறாங்கள்.”

அன்ராக் என்றால் விண்ணப்பம். தள்ளுபடியை எதிர்த்து வழக்குப் போட இரண்டு வாரம்தான் தவணை. அதில் ஒன்பது நாள் போய்விட்டது.

எனக்குக் கடிதத்தின் ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தப் பத்தி தெரியும். அதை எழுதியது நான்தான் என்று சொன்னாலும் தவறில்லை. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு நான் நகலெடுத்துக் கொடுக்கும் ஒரு தாள் இருக்கிறது. நாடுகள் ஒரு பக்கம், உச்சரிப்பு மறுபக்கம். அதில் மூன்றாவது வரி: கியூபா, வெனிசுவேலா, கடற்கரை நாடுகள் – கடைசி ‘ஸ்’ விழுங்கப்படும். நான்காவது வரி: கொலம்பியாவின் மலைப்பகுதி – ‘ஸ்’ தெளிவாக ஒலிக்கும். எல்லாப் பரீட்சையிலும் ஐந்து மதிப்பெண் கேள்வி. யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் ஐந்து மதிப்பெண் விடையை எழுதியிருக்கிறார். அதற்காக ஒரு பெண்ணை நாட்டைவிட்டு அனுப்பப் போகிறார்கள். அன்று நான் சாப்பிடவில்லை, அக்காவும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் தட்டினேன். சாவி திரும்ப நேரமாயிற்று. கதவு ஒரு சாண் திறந்தது.

“நேற்று நான் சொன்னது தவறு. எனக்கு ஒன்றும் தெரியாது. மன்னித்துவிடுங்கள்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டிய பிறகு கதவை முழுதாகத் திறந்து, கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் வேறு இருக்கை இல்லை.

“என் ஊர் மலைமேல் இருக்கிறது. சான் கிறிஸ்டோபல் பக்கம்” என்றார். “அங்கிருந்து எங்கள் தலைநகரமான கராகஸுக்குப் பேருந்தில் பதினைந்து மணி நேரம். கொலம்பியாவின் கூக்குத்தாவுக்கு ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு ஆறு, ஒரு பாலம். என் அம்மா சந்தைக்குப் போவதே அங்கேதான். நாங்கள் யாரைப் போலப் பேசுவோம் என்று நினைக்கிறீர்கள்?”

நான் மார்த்தாண்டத்துக்காரி. கேரள எல்லைக்கு அரைமணி நேரம். சென்னைக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஆட்டோக்காரர், வீட்டுக்காரர், பல் டாக்டர் என்று எத்தனையோ பேர் ‘நீங்க மலையாளியா?’ என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் நம்புவதுமில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குச் சுள்ளென்று வரும். அப்படிப்பட்ட நான்தான் ஒரு தேசம் முழுவதற்கும் ஒரே வரி எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். எங்கள் ஊரின் பெயரை உச்சரித்துப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு அவர் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்கள் ஆசிரியர். எனக்குக் கராகஸ்காரி மாதிரிப் பேசச் சொல்லிக்கொடுங்கள்.”

“எதற்கு?”

“வெனிசுவேலாக்காரி மாதிரிப் பேசுவதற்கு.”

“நீங்கள் வெனிசுவேலாக்காரிதானே.”

“அது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை. உண்மையை என் பேச்சில் சொன்னேன், நம்பவில்லை. அவர்கள் எதிர்பார்க்கிற பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன்.”

அன்று கண்காட்சியில் பம்புக்கு முன்னால் நின்றவர்கள் பேசியது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. பகல் சாப்பாடு என்று வெந்த உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோஸும் வாங்கி வைத்துக்கொண்டு பாதியில் எழுந்துவிட்டேன். “இவரு எந்த ஊருங்க மேடம்?” என்று முதலாளி ஆவலோடு கேட்டார். “தெரியலைங்க சார்” என்றேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மாலையில் நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மறுக்க முடிந்திருக்கும். ஆனால் முந்தின நாள் செய்ததற்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்ற தவிப்பு. அவருக்கு என்னால் தர முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். குழந்தைகள் என்பதற்கு ‘லோஸ் நீன்யோஸ்’ என்று சொல்லாதீர்கள், ‘லோஹ் நீன்யோஹ்’. ‘ஸ்’ வர வேண்டிய இடத்தில் கண்ணாடியில் ஊதுவது போல மூச்சு விடுங்கள். ரொட்டி ‘பான்’ இல்லை, ‘பாங்’. மூக்கில் முடியுங்கள். களைத்துவிட்டேன் என்னும் ‘கன்சாதா’வில் ‘தா’வை விட்டுவிடுங்கள்.

அவர் கெட்டிக்காரர். இரண்டாம் நாள், புதன்கிழமை மாலைக்குள் ஒரு பத்தியை அப்படியே சொல்ல வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

அப்போது அவருடைய தங்கை ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மரிசோல் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, புதுப் பேச்சில் பதில் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு. இவர் விடாமல் தொடர்ந்தார். சிரிப்பு நின்றது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அக்கா, ஏன் டெலிவிஷன்காரி மாதிரிப் பேசுகிறீர்கள்? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?”

கூடப் பிறந்தவளுக்கும் அங்கே ‘நீங்கள்’தான். யோகா அக்கா தன் வீட்டுப் பிள்ளைகளை ‘வாங்கோ, இருங்கோ’ என்று கூப்பிடுவது போல. நிபுணருக்குச் சந்தேகம் தந்தது அந்த மரியாதையும்தான்.

மரிசோல் பழைய பேச்சுக்குத் திரும்பித் தங்கையைச் சமாதானப்படுத்தி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போதும் என்று எழுந்தேன்.

“உட்காருங்கள். இன்னொரு முறை சொல்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வக்கீலிடம் தெர்மின். அங்கே நேரம் குறித்து வாங்குவதை எல்லோரும், தமிழர்களும், அப்படித்தான் சொல்கிறார்கள். யோகா அக்கா வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டார். மூவரும் ட்ராமில் ஏறினோம். நாலு நிறுத்தம் தாண்டியதும் ட்ராம் நின்றது. யாரோ காரைத் தண்டவாளத்தின் மேல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டுநர் இறங்கி, காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தார். கதவுகளைத் திறக்கவில்லை. நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து காரைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள்.

மரிசோல் ஜன்னலோரம் இருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சத்தம் வரவில்லை, ஆனால் எந்தப் பத்தி என்று எனக்குத் தெரிந்தது.

“எனக்கும் உப்பிடி ஒண்டு நடந்தது, ரீச்சர்” என்றார் அக்கா, முன்னால் நின்ற காரைப் பார்த்தபடி. “நான் வந்த வருசம் விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் உங்கட பக்கத்து ஆள், இந்தியாக்காரர். எப்பிடி வீட்டை விட்டனீங்கள் எண்டு கேட்டாங்கள். காலமை அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டனான் எண்டு சொன்னன். அந்தாள் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு என்னவோ சொன்னார். அதிகாரி எழுதிப்போட்டு, பிறகு எத்தினை மணிக்கு வீட்டுக்குள்ள வந்தனீங்கள் எண்டு கேட்டான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் திரும்பி வரவே இல்லை எண்டு அழுதன்.”

எனக்கும் ஒரு நொடி ஆயிற்று. புறப்பட்டேன் என்று அவர் சொன்னதை, எங்கள் பக்கத்து ஆள் வெளிக்குப் போனேன் என்று கேட்டிருக்கிறார். ஊரைவிட்டு ஓடிவந்த காலை, அரசாங்கக் காகிதத்தில் காலைக்கடனாகிவிட்டது.

“அப்புறம் என்ன ஆச்சு அக்கா?”

“அதைத் திருத்த மூண்டு வருசம் போச்சு” என்றார்.

இருபது நிமிடம் கழித்து ட்ராம் நகர்ந்தது. வக்கீல் அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த பெண் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகுதான் எங்களைப் பார்த்தார். அக்கா ட்ராம் கதையை ஜெர்மனில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வக்கீல் அறுபது வயது அம்மாள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சுற்றி வளைக்காமல், மரிசோலையே நேரடியாகப் பேசச் சொன்னார்.

வக்கீலுக்கு ஆங்கிலம் அரைகுறைதான் என்பதால் ஏற்பாடு இப்படி இருந்தது: மரிசோல் ஸ்பானிஷில் சொல்வார், நான் அக்காவுக்குத் தமிழில் சொல்வேன், அக்கா வக்கீலுக்கு ஜெர்மனில் சொல்வார். கேள்வி அதே வழியாகத் திரும்பி வரும். மூன்று பேர் கைமாற்றி வாளியில் தண்ணீர் கொண்டுபோவது மாதிரி. எங்கே சிந்துமோ என்று எனக்குப் பயம்.

மரிசோல் ஆரம்பித்தார். முதல் சொல்லிலேயே எனக்குப் பகீரென்றது. ‘ஸ்’ இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த கராகஸ்காரிதான் பேசினாள். தம்பியைப் பிடிக்க வந்த நாளை, அம்மா அழுததை, கைப்பை போனதை, எல்லாவற்றையும் அவள் வாயால் சொன்னாள். இரண்டு வாக்கியத்தைத் தமிழாக்கினேன். மூன்றாவது வரவில்லை.

“மரிசோல், இங்கே வேண்டாம். உங்கள் பேச்சில் சொல்லுங்கள்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு அதே பேச்சைத் தொடர்ந்தார்.

“என்ன நடக்குது?” என்றார் அக்கா.

வக்கீலுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அந்த அறையில் அது நடிப்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சும்மா இருந்திருந்தால் சந்திப்பு ஒழுங்காக முடிந்திருக்கும். அக்காவிடம் சொன்னேன்: இது இவருடைய பேச்சு இல்லை, நம்ப வேண்டும் என்பதற்காக மாற்றிப் பேசுகிறார், சொல்லிக்கொடுத்தது நான். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் வக்கீல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

அவர் சொன்னது அக்கா வழியாக எனக்கு வந்தது.

“முதல் விசாரணையின்ரை ஒலிப்பதிவு அவங்களிட்டை இருக்காம். இவ கோர்ட்டிலை இந்தக் குரலிலை கதைச்சால், ரெண்டையும் பக்கத்திலை வைச்சுக் கேப்பாங்களாம். ஒரே ஆள் ரெண்டு மாதிரிக் கதைக்கிறா எண்டு தெரிஞ்சால், அதுக்குப் பிறகு கடவுளாலையும் காப்பாத்த ஏலாதாம். இதைச் சொல்லிக்குடுத்த ஆளுக்கு என்ன விசரோ எண்டு கேக்கிறா.”

பைத்தியமா என்ற அந்தக் கடைசி வாக்கியம் வக்கீல் சொன்னதா, அக்கா சேர்த்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மாலை கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு விடும் இடம் முதற்கொண்டு திருத்தி, நான் அவருக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நான்தான் மரிசோலுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வக்கீல் என்னிடம் நேராக, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்கள் இந்த விஷயத்தில் நிபுணரா? இல்லை என்றேன். வெறும் ஆசிரியர். நானும் இவரை முதல்முறை கேட்டபோது கொலம்பியா என்றுதான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கடிதத்தைப் படித்த பிறகா, முன்பா?”

“முன்பு. கடிதம் இருப்பதே தெரியாது.”

“அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள்.”

பன்னிரண்டு வருடமாக அந்த மொழியைக் கற்பிக்கும் ஒருவர், எந்தத் தகவலும் இல்லாமல், அதே தவறை அதே காரணத்துக்காகச் செய்தார் என்பது தனக்கு உதவும் என்றார். பாடப்புத்தகத்தை வைத்து ஆளைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும் என்று காட்ட வேண்டுமாம். மலைப்பக்கத்துப் பேச்சை ஆராய்ந்த ஒரு பேராசிரியரைத் தான் தேடிப் பிடிப்பதாகவும் சொன்னார். மரிசோலிடம் ஒரே ஒரு கட்டளை: இனி யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும், வேறு மாதிரிப் பேசக் கூடாது.

வரவேற்பறை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே வெட்கமான இரண்டு பக்கம் அதுதான். எங்கே, எப்போது, எந்தச் சொற்களைக் கேட்டு, என்ன முடிவுக்கு வந்தேன், அது ஏன் தவறு. மாணவர்களுக்குத் தரும் தாளில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டபோது நிமிர்ந்து பார்த்தால் மரிசோல் எதிரே நின்று படித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. தன் பெயர் வருகிற இடங்களை மட்டும் விரலால் தொட்டார்.

வெள்ளிக்கிழமை நான் எங்கும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மரிசோல் தன் ஊர்க் காலையுணவைச் செய்து கொடுத்தார். பாலில் உருளைக்கிழங்கு போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, மேலே கொத்தமல்லி தூவிய சூப். யோகா அக்கா ஒரு கரண்டி குடித்துவிட்டு, “சொதி மாதிரித்தான் கிடக்கு, ஒரு பச்சைமிளகாய் போட்டிருக்கலாம்” என்றார். நான் மொழிபெயர்த்தேன். மரிசோல் எழுந்து போய்ப் பச்சைமிளகாய் எடுத்து வந்தார்.

பிறகு நான் சென்னைக்குத் திரும்பினேன். வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. இடையில் அக்கா அவ்வப்போது செய்தி அனுப்புவார்: பேராசிரியர் கிடைத்துவிட்டார், குரலை வைத்து ஆற்றின் எந்தக் கரை என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது என்று எழுதித் தந்திருக்கிறார், தங்கை பள்ளிக்கூடத்துச் சம்பளப் பதிவேட்டின் படங்களை அனுப்பியிருக்கிறாள், தேதி தள்ளிப் போயிருக்கிறது, மறுபடியும் தள்ளிப் போயிருக்கிறது.

ஒரு நாள் பகல் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அழைப்பு வந்தது.

“ரீச்சர், கடிதம் நேற்று வந்தது. தஞ்சம் குடுத்திட்டாங்கள்” என்றார் அக்கா. “கோர்ட்டிலை ரெண்டு மணித்தியாலம் கதைச்சவ. தன்ரை ஊர்ப் பேச்சிலைதான். ஒரு இடத்திலையும் தடக்குப்படேல்லை. இந்தாங்கோ, அவவோடை கதையுங்கோ.”

மரிசோல் வந்தார். நன்றி சொன்னார், எல்லா ‘ஸ்’ஸோடும். நான் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இடைமறித்தார்.

“உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று சமையலறையில் நீங்கள் பொகோட்டா என்றதும், என் விண்ணப்பத்தைத் தள்ளிய அலுவலகம்தான் உங்களை அனுப்பியிருக்கிறது என்று நினைத்தேன். கடிதம் வந்து ஒன்பதாவது நாள், எங்கிருந்தோ ஒரு இந்தியப் பெண் வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஸ்பானிஷ் பேசினால் வேறு என்ன நினைப்பது? அறைக்குப் போய்ப் பையைக் கட்டிவிட்டேன். விடிந்ததும் போய்விடலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் கதவைத் தட்டிவிட்டீர்கள்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாணவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“பை எங்கே இருந்தது?”

“கட்டிலுக்கு அடியில். நீங்கள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.”

“அப்புறம் எப்போது பிரித்தீர்கள்?”

“நேற்று” என்றார்.